புற்றுநோய் உயிரியல் பிஎச்டி: கைடின் சைட்டேஷன் (மேற்கோள்) எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

களியக்காவிளைப் பெண்

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பயோடெக்னாலஜி முடித்து ஜேஆர்எஃப் (ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை) வாங்கியிருக்கிறேன். வீடு களியக்காவிளை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம். திருவனந்தபுரத்திலேயே பிஎச்டி சேர்ந்துவிட்டால் அம்மாவையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. துறை, புற்றுநோயின் மூலக்கூறு உயிரியல். கைடாக, அதாவது ஆய்வு வழிகாட்டியாக, வேண்டி இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன், இருவருமே இடம் இருக்கிறது என்கிறார்கள். பெயரும் நிறுவனமும் இங்கே வேண்டாம்.

முதலாமவருக்கு இருநூறுக்கு மேல் கட்டுரைகள். ஹெச்-இன்டெக்ஸ் நாற்பதைத் தாண்டிவிட்டது, கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் மேற்கோள் பல ஆயிரம். இரண்டாமவர் லேப் ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை, முப்பது கட்டுரைகூட இல்லை. பேசிப் பார்த்ததில் இரண்டாமவர் பக்கம்தான் மனசு போகிறது. மாமா கல்லூரி ஆசிரியர். "பிள்ளே, பிஎச்டி முடிந்து பின்னாடி போஸ்ட்டாக் ஆய்வு வேலைக்கு அப்ளை பண்ணும்போது கைடு பேரைத்தான் பார்ப்பான், பெரிய நம்பர்காரரிடம் போ" என்கிறார். இந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கொழிஞ்சாம்பாறை நூலகர்

ஓய்வு பெற்ற பல்கலைக்கழக நூலகர் நான். இந்த எண்களோடுதான் காலம் போனது, அதனால் அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

ஹெச்-இன்டெக்ஸ் 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவருக்கு 40 என்றால், குறைந்தது 40 மேற்கோளாவது பெற்ற 40 கட்டுரைகள் அவரிடம் உண்டு, அவ்வளவுதான். மீதிக் கட்டுரைகளை யாரும் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தாலும், தலைக்கட்டுரைக்கு மட்டும் பத்தாயிரம் வந்திருந்தாலும் எண் அதே 40. இது ஏறும், இறங்காது. ஆள் லேபை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தாலும் ஏறிக்கொண்டே இருக்கும். எனவே வயதில் இருபது வருடம் வித்தியாசம் உள்ள இருவரை இதை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. உங்கள் விஷயம் அதுதான் என்று தோன்றுகிறது.

மேற்கோள் கணக்கெடுப்பைத் தொடங்கிவைத்தவர் யூஜீன் கார்ஃபீல்ட். 1955-ல் யோசனையை எழுதினார், 1964-ல் சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் வெளியானது. ஒரு கட்டுரையை அதற்குப் பிறகு யார் யார் எடுத்தாண்டார்கள் என்று தேடிப் பிடிப்பதுதான் நோக்கம். அதிலிருந்து பிறந்த இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னல்களுக்கான அளவு, ஒரு ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் வாங்குகின்றன என்பது. எதற்குச் சந்தா கட்டலாம் என்று நூலகங்கள் முடிவெடுக்க அது உதவியது. ஆளை எடை போடும் தராசாக அதை மாற்றியது பின்னால் வந்தவர்கள்.

இன்னொன்று. கூகுள் ஸ்காலர் தாராளமான கை. கருத்தரங்கத் தாள், ஆய்வேடு என்று எல்லாவற்றையும் எண்ணும், அதனால் அதே ஆளுக்கு ஸ்கோப்பஸ் என்ற தேர்ந்தெடுத்த ஜர்னல்களின் தரவுத்தளத்தில் எண் குறைவாகவே காட்டும். நம் பக்கத்துப் பெயர்கள் வேறு தொல்லை. சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட் எடுத்ததும் அப்பா பெயர் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பொதுவான பெயராக இருந்தால் ஒரே பக்கத்தில் புற்றுநோயும் சிமென்டும் மாட்டுத் தீவனமும் கலந்து கிடக்கும். அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை, இயந்திரம் சேர்த்துவிடுகிறது. 2012-லிருந்து ஓர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் இருக்கிறது. அவருடைய ஓர்கிட் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாறசாலை லேப்காரன்

தங்கச்சி, நூலகர் ஐயா சொன்னது எல்லாத் துறைக்கும் பொருந்தும். நம் துறைக்கென்று சில விசேஷங்கள் உண்டு. நானும் எல்லை தாண்டிப் போய் பிஎச்டி முடித்து இப்போது போஸ்ட்டாக்கில் இருக்கிறவன்.

நேச்சர் இதழ் 2014-ல் உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியல் போட்டது. முதலிடம் 1951-ல் லோரி எழுதிய, புரதத்தின் அளவை அளக்கும் முறை. அப்போதே மூன்று லட்சம் மேற்கோளுக்கு மேல். இரண்டாவது 1970-ல் லெம்லி எழுதியது. புரதங்களைப் பிரிக்க நாம் தினமும் ஓட்டும் ஜெல்லுக்கு அதுதான் மூலம். மூன்றாவது 1976-ல் பிராட்ஃபோர்ட், மறுபடியும் புரத அளவு. டிஎன்ஏயின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த நூறில் இல்லை. லோரியே அது ஒன்றும் மகத்தான கட்டுரை அல்ல என்றுதான் பிற்பாடு எழுதினார். எல்லாரும் பயன்படுத்துவதால் எல்லாரும் அடிக்குறிப்பில் போடுகிறார்கள்.

புற்றுநோய்க்கு வருவோம். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் வரி, "உலகளவில் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று புற்றுநோய்." அந்த வரிக்கு ஒரு மேற்கோள் வேண்டும், குளோபோகன் என்ற உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரை தயாராக இருக்கும். 2020-ஆம் ஆண்டுக் கணக்கு 1.93 கோடி புதிய நோயாளிகள், கிட்டத்தட்ட ஒரு கோடி மரணம் என்றது. அந்தக் கணக்கு வெளியாகும் சிஏ என்ற ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் மூன்று இலக்கத்தில் நிற்பதற்கு இந்த முதல் வரிதான் பெரிய காரணம். இரண்டாவது வரியில் ஹனஹான், வைன்பெர்க் இருவரும் 2000-லும் 2011-லும் செல் இதழில் எழுதிய ரிவ்யூ, அதாவது மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கட்டுரை, வரும். அது நிஜமாகவே துறையை யோசிக்க வைத்த கட்டுரை, ஆனால் அதைப் படிக்காமலே மேற்கோள் காட்டியவர்கள் எத்தனை பேரோ. அப்புறம் முறைகள் பகுதியில், ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் கியூபிசிஆர் கணக்குக்கு 2001-ன் லிவாக், ஷ்மிட்கன். செல் செத்ததா பிழைத்ததா என்று பார்க்கும் எம்டிடி சோதனைக்கு 1983-ன் மோஸ்மன். இந்த வரிசை எனக்கு மனப்பாடம்.

ஆகவே முதலாமவரின் பட்டியலை மேற்கோள் வரிசையில் அடுக்கிப் பார். மேலே இருக்கும் பத்தில் எத்தனை ரிவ்யூ, எத்தனை அவர் லேபில் செய்த சோதனை? அதில் அவர் பெயர் எங்கே? உயிரியலில் முதல் பெயர் கையால் வேலை செய்தவர், கடைசிப் பெயர் லேப் தலைவர். நடுவில் இருப்பவர் ஒரு படத்துக்கு உதவியிருக்கலாம், ஒரு செல் லைன் கொடுத்திருக்கலாம். குளோபல் பர்டன் ஆஃப் டிசீஸ் (உலக நோய்ச் சுமைக் கணக்கு) என்ற பெயரில் லான்செட் மருத்துவ இதழில் வரும் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள், நம் நாட்டுக்காரர்களும் நிறைய. அப்படிப்பட்ட ஒன்றிரண்டு போதும், மேற்கோள் ஆயிரக்கணக்கில் எகிறிவிடும். தப்பில்லை, அதுவும் உழைப்புதான். ஆனால் அந்த உழைப்பு நீ சேரப்போகும் லேபில் நடந்ததல்ல.

மார்த்தாண்டம் டு மியூனிக்

மாமாவைப் பாவம் எல்லாரும் சேர்ந்து அடிக்க வேண்டாம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய லேப் என்றால் திட்டப் பணம் இருக்கும், சீரம் தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம் வந்துவிடும், ஃப்ளோ சைட்டோமீட்டருக்காகப் பக்கத்துக் கட்டடத்தில் கெஞ்ச வேண்டாம். சின்ன லேபில் ஆன்டிபாடி வாங்க பில் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். இங்கே ஜெர்மனியில் நேர்முகத்தில் என் கைடின் பெயரைக் கேட்டதும் எதிரில் இருந்தவர் முகம் மலர்ந்தது உண்மை.

பாறசாலை லேப்காரன்

மறுக்கவில்லை. ஆனால் முகம் மலர்ந்தது பெயருக்கா எண்ணுக்கா? அவருடைய ஏதோ ஒரு கட்டுரையை அந்த ஆள் படித்திருப்பார். அப்படி ஒன்று இருக்கிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறேன். 2012-ல் அமெரிக்க செல் உயிரியல் சங்கக் கூட்டத்தில் உருவான டோரா பிரகடனம், ஆளை மதிப்பிட ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. நம் நாட்டில் ஃபெல்லோஷிப் தரும் இந்தியா அலையன்ஸும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. நடைமுறையில் கமிட்டிகள் இன்னும் எண்ணைத்தான் பார்க்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தேவிகுளம் தேயிலை

படித்தவர்கள் பேச்சில் குறுக்கிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்' என்று ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. எங்கள் எஸ்டேட்டில் வாய்ப்புண் முற்றிப்போய் திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் மையத்துக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு இந்த 2 சதவீதத்தால் என்ன பிரயோஜனம்? வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டே என் பெரியப்பா போனார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை நூலகர்

ஃப்ளெக்ஸுக்கு மட்டும் நான் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோப்பஸ் தரவை வைத்து 2019-லிருந்து வெளியிடும் பட்டியல் அது. விருது அல்ல, யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் அல்ல, ஒரு எக்செல் கோப்பு. அதில் வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஒரு ஆண்டுக்கு ஒன்று என இரண்டு உண்டு. ஃப்ளெக்ஸில் எது என்று போட மாட்டார்கள். தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொண்டது எத்தனை சதவீதம் என்ற விவரமும் அதே கோப்பில் இருக்கிறது. அதையும் போட மாட்டார்கள். களியக்காவிளைப் பொண்ணு, அந்தக் கோப்பு இலவசம். இறக்கிப் பாருங்கள்.

பாறசாலை லேப்காரன்

தேவிகுளம் அண்ணே, உங்கள் கேள்விக்குப் பதில் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. 1996-ல் அந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஏழில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். மற்ற ஆறில் வழக்கமான வைத்தியம் மட்டும். இரண்டு பக்கமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 1,92,000 பேர். கையில் ஒரு டார்ச், அவ்வளவுதான் கருவி. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. 2005-ல் லான்செட்டில் வந்தது. முதல் பெயர் சங்கரநாராயணன். வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி உலகத்தில் எங்கே பேசினாலும் இந்தக் கட்டுரையைத் தொடாமல் போக முடியாது.

மூலக்கூறு உயிரியலில் ஜீன்களைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ ஒன்றைப் பற்றி எழுதி இதற்கு இணையான மேற்கோள் வாங்கிவிடலாம். ஆனால் எத்தனை பெரியப்பாக்கள் பிழைத்தார்கள் என்பதற்கு ஸ்காலர் பக்கத்தில் கட்டம் கிடையாது. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் சாந்தாவை ஹெச்-இன்டெக்ஸ் வைத்து யாராவது நினைக்கிறோமா?

சித்தூர் டாக்டர்

வேலூரில் படித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூரில் வைத்தியம் பார்க்கிறேன். பெயர் எங்கே வருகிறது என்ற பேச்சு வந்ததால் எங்கள் ஆந்திரக்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தார், மருத்துவம் படித்தது சென்னையில், பிறகு ஹார்வர்ட். 1925-ல் ஃபிஸ்க்கோடு சேர்ந்து பாஸ்பரஸை நிறத்தை வைத்து அளக்கும் முறையை எழுதினார். லோரியின் கட்டுரை வந்த அதே ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரியில்தான். பல ஆயிரம் மேற்கோள் வாங்கிய கட்டுரை. உயிர்வேதியியல் படித்தவர்கள் பாதிப் பேர் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று பரீட்சையில் எழுதியிருப்பார்கள், ஆள் யாரென்று தெரியாமலே.

பிறகு அவர் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் அமினோப்டெரின் அவர் குழுவில் உருவானது. சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948-ல் அறிவித்தார். கீமோதெரபியின் வரலாற்றில் எல்லாரும் சுட்டும் கட்டுரை அது. ஆசிரியர் பெயர்களில் சுப்பாராவ் இல்லை. அதே ஆண்டு அவர் இறந்தும் போனார். அதன் தம்பி மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை இன்றைக்கும் குழந்தைகளுக்கு நான் எழுதிக் கொடுக்கிறேன். ஸ்காலர் பக்கம் போட்டால் அவருடைய தலைக்கட்டுரையாக பாஸ்பரஸ்தான் நிற்கும்.

எண் பொய் என்று சொல்ல வரவில்லை. பாஸ்பரஸ் முறைக்கு வந்த மேற்கோள் அத்தனையும் நியாயமானது.

மணவாளக்குறிச்சி கடற்கரை

இழைக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. எங்கள் கரையில் கருமணல் இருக்கிறது, அதன் கதிர்வீச்சால் புற்றுநோய் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், இல்லை என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே கேரள ஆய்வைக் காட்டுகிறார்கள். எப்படி?

பாறசாலை லேப்காரன்

சம்பந்தம் நிறைய இருக்கிறது. கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளியில் செய்த ஆய்வைச் சொல்கிறீர்கள். 2009-ல் ஹெல்த் பிசிக்ஸ் இதழில் வந்தது. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள், 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. மணலின் கதிர்வீச்சு அளவு கூடக்கூட நோய் கூடியதாகத் தெரியவில்லை என்பது முடிவு. குறைந்த அளவுக் கதிர்வீச்சு ஆபத்தில்லை என்பவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். வருடம் போதாது, ரத்தப் புற்றுநோய் 30 பேருக்குத்தான் வந்திருக்கிறது, அதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று வாதிடுகிறவர்களும் அதையேதான் எடுத்துக் காட்டுகிறார்கள். மேற்கோள் எண்ணிக்கையில் இரண்டும் ஒரே மாதிரிதான் கூடும். பாராட்டு எது, மறுப்பு எது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. அது கருநாகப்பள்ளி மக்களைப் பற்றிய ஆய்வு, மணவாளக்குறிச்சிக்கு அப்படியே எடுத்துப் போடவும் முடியாது.

களியக்காவிளைப் பெண்

இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. முதலாமவரின் பட்டியலை அடுக்கிப் பார்த்தேன். மேலே இருக்கும் பத்தில் ஆறு ரிவ்யூ. இரண்டு பெரிய கூட்டுக் கட்டுரைகள், அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமானது. மீதி இரண்டு அவர் லேபில் செய்தவை, இரண்டுமே பழையவை, ஆனால் நன்றாக இருக்கின்றன. ரிவ்யூக்களில் மூன்று மஞ்சளில் இருக்கும் குர்குமின் பற்றியவை. இதைக் குறையாக எடுத்துக்கொள்ளலாமா?

பாறசாலை லேப்காரன்

ரிவ்யூ எழுதுவது குறையே இல்லை. குர்குமின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உஷாராக இரு. லேப் தட்டில் எந்தப் புற்றுநோய் செல் மீது ஊற்றினாலும் ஏதாவது பலன் காட்டும் பொருள் அது. 2017-ல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் வந்த ஒரு நீண்ட அலசல், குர்குமின் நிலையற்றது, உடலில் சரியாகச் சேராது, பல சோதனைகளைக் குழப்பிப் பொய்யான பலன் காட்டும் என்று விளக்கியது. அமெரிக்காவில் இதே பொருளில் மலைபோல மேற்கோள் குவித்த ஒருவரின் கட்டுரைகள் படங்களில் கோளாறு என்று வரிசையாகத் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெற்ற பிறகும் மேற்கோள் வருவது நிற்கவில்லை.

துறையே கொஞ்சம் காயம்பட்ட துறைதான். 2012-ல் ஆம்ஜென் நிறுவனத்தில் இருந்த பெக்லி, 53 முக்கியமான கட்டுரைகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் ஆறுதான் நின்றன என்று எழுதினார். 2017-ல் டியூமர் பயாலஜி என்ற ஒரே ஜர்னலிலிருந்து 107 கட்டுரைகளை ஒரே மூச்சில் எடுத்தார்கள், மதிப்பீட்டாளர்களே போலி. ஆஸ்திரேலியாவின் ஜெனிஃபர் பைர்ன் புற்றுநோய் மூலக்கூறு உயிரியலாளர். சில கட்டுரைகளில் கொடுத்திருந்த டிஎன்ஏ வரிசைகளைச் சரிபார்த்தால் அவை சொன்ன ஜீனுக்கே பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து, அதைத் தேட மென்பொருளே செய்தார். உன்னாலும் அது முடியும். கட்டுரையில் இருக்கும் பிரைமரை (சோதனைக்குப் பயன்படுத்திய சின்ன டிஎன்ஏ துண்டின் வரிசை) எடுத்து, அது எந்த ஜீனோடு பொருந்துகிறது என்று காட்டும் பிளாஸ்ட் தேடலில் போடு, சில நிமிட வேலை. கூடவே, வெளியான கட்டுரைகளைப் பற்றி யாரும் கேள்வி எழுப்பும் பப்பியர் தளத்தில் கைடின் பெயரையும் போட்டுப் பார். ஒரு கேள்வி இருப்பது குற்றமில்லை, அவர் அதற்கு என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று பார்.

களியக்காவிளைப் பெண்

பப்பியரில் இருவர் பெயருக்கும் எதுவும் இல்லை. இரண்டாமவரின் எட்டுக் கட்டுரைகளைப் படித்தேன், கடைசி மூன்றில் முதல் பெயர் அவருடைய மாணவர்கள். முதலாமவரின் சமீபக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் வெளியாட்கள்.

மார்த்தாண்டம் டு மியூனிக்

அப்படியென்றால் என் வாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, இரண்டாமவர் லேபில் தற்போது என்ன திட்டப் பணம் ஓடுகிறது, எந்த ஆண்டு முடிகிறது என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். உங்கள் ஃபெல்லோஷிப் ஐந்து வருடம் வரும், அவருடைய கெமிக்கல் பட்ஜெட் வருமா என்பதுதான் விஷயம்.

கொழிஞ்சாம்பாறை நூலகர்

கேட்கும்போது அவருடைய மாணவர்களிடமும் தனியாகப் பேசுங்கள், கைடு அறையில் இல்லாதபோது. தீசிஸ் கொடுக்க எத்தனை வருடம் ஆனது, யாராவது பாதியில் விட்டுப் போனார்களா என்று. யுஜிசி 2022 விதிகளின்படி தீசிஸ் கொடுக்க ஆய்வுக் கட்டுரை கட்டாயம் இல்லை, ஆனால் நிறுவனம் தன் பங்குக்கு விதி வைத்திருக்கலாம், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாமாவிடம் அந்த எக்செல் கோப்பைக் காட்டுங்கள். ஆசிரியர் என்றால் அட்டவணை பார்க்கப் பிடிக்கும்.

களியக்காவிளைப் பெண்

மாமா கோப்பைத் திறந்து முதலில் தேடியது தன் பிரின்சிபால் பெயரை. வியாழக்கிழமை இரண்டாமவர் லேபில் மாணவர்களைச் சந்திக்கிறேன். திட்டப் பணத்தைப் பற்றி மின்னஞ்சலில் கேட்டேன், இரண்டு திட்டங்கள் ஓடுவதாகவும் ஒன்று அடுத்த ஆண்டோடு முடிவதாகவும் அவரே பதில் போட்டிருக்கிறார்.